இன்டர்நெட் வாசலில் ஒரு தபால் குமாஸ்தா

தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். காலை மணி எட்டு அடிப்பதற்கு முன்பே சிவாஜி நகரிலும் அல்சூரிலும் பீன்யாவிலும் ஆயிரக்கணக்கானோர் செல்போனைக் கையில் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நொடியில் ஒரே பொத்தானை அழுத்துகிறார்கள். சிலருக்கு டிக்கெட் கிடைத்துவிடுகிறது. சிலருக்கு வெள்ளைத் திரையில் 502 என்றோ 503 என்றோ ஓர் எண் மட்டும் வருகிறது.

அந்த எண்ணை அனுப்புவது யார்? டிக்கெட் போடும் கம்ப்யூட்டர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அல்ல. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களை உள்ளே பிரித்து அனுப்பும் இன்னொரு புரோகிராம்தான் அந்த எண்ணைக் காட்டுகிறது.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தபால் பிரிவில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா என்ன செய்கிறாரோ, அதைத்தான் இதுவும் செய்கிறது. இந்தக் கம்ப்யூட்டர் குமாஸ்தாக்களில் மிகப் பிரபலமான ஒருவருக்கு ஓய்வு என்று 2025 நவம்பரில் அறிவிப்பு வந்தது. உலகம் முழுவதும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பரபரப்பு ஏற்பட்டது. பெங்களூரில் எத்தனையோ தமிழ் வீடுகளின் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்துப் பார்க்கும் வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சங்கதி இது.

பெட்டியில் அடைத்த புரோகிராம்

முதலில் கன்டெய்னர். வைட்பீல்டு பக்கம் போகிறவர்கள் அங்கே ரயிலில் வந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். உள்ளே சட்டை இருந்தாலும் இயந்திரம் இருந்தாலும் வெளியே ஒரே அளவு. ஒரே கிரேன் தூக்கும். 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூயார்க் பக்கத்திலுள்ள நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். துறைமுகத் தொழிலே அதற்குப் பிறகு மாறிவிட்டது.

புரோகிராம்களிலும் அதே யோசனைதான். ஒரு புரோகிராம் ஓட வேண்டுமென்றால் அதற்கு நூறு துணைச் சாமான்கள் வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. புரோகிராமையும் அதன் சாமான்களையும் சேர்த்து ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால் எங்கே இறக்கினாலும் ஓடும். 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில் நடந்த ஒரு மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடப் பேச்சில் 'டாக்கர்' என்ற சாதனத்தைக் காட்டினார். கன்டெய்னர் என்ற சொல் கம்ப்யூட்டர் உலகம் முழுவதும் பரவியது அதற்குப் பிறகுதான்.

வைட்பீல்டில் இரும்புப் பெட்டிகளின் டெப்போவும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளைக் கையாளும் கம்பெனிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

பத்துப் பெட்டி என்றால் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பெட்டிகள் என்றால்? 2014-ல் கூகுள் கம்பெனி, தான் வாரத்துக்கு 200 கோடிக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைத் துவக்குவதாகச் சொன்னது. அதே ஆண்டில் தன் அனுபவத்தை வைத்து 'குபெர்நெட்டீஸ்' என்ற மேற்பார்வைப் புரோகிராமை இலவசமாக வெளியிட்டது. கிரேக்க மொழியில் அதற்குக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். 'கவர்னர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்!

பல கம்ப்யூட்டர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டமாக்கி, எந்தப் பெட்டி எந்தக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும், ஒன்று செத்தால் இன்னொன்றை எங்கே எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் இது தானே கவனித்துக்கொள்கிறது.

ஆள் மாறலாம், பதவி மாறாது

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெட்டிகள் நிலையாக இருப்பதில்லை. கூட்டம் அதிகமானால் மூன்று முப்பதாகும். ராத்திரி கூட்டம் குறைந்தால் மறுபடி மூன்றாகும். ஒவ்வொன்றும் எழும்போது அதற்குப் புதிய முகவரி. நேற்று இருந்த முகவரியில் இன்று ஆளே இல்லை.

ஆபீசில் இதற்கு என்ன செய்கிறோம்? அன்னாரின் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுகிறோம். "உதவிச் செயலாளர் அவர்களுக்கு" என்று எழுதிவிட்டால், அந்த நாற்காலியில் இருந்தவர் மாற்றலாகிப் போனாலும் கடிதம் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

குபெர்நெட்டீசும் அதைத்தான் செய்கிறது. பெட்டிகளின் ஒரு தொகுப்புக்கு 'சர்வீஸ்' என்று நிலையான ஒரு பெயரும் முகவரியும் கொடுக்கிறது. பின்னால் ஆள் மாறினாலும் முன்னால் பெயர் மாறாது.

ஆனால் அந்த முகவரி ஆபீசுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள் டெலிபோன் நம்பர் மாதிரி. சேலத்திலிருந்தோ ஓசூரிலிருந்தோ ஒருவர் செல்போனில் அழைத்தால் அது கிடைக்காது. வெளி ஆட்கள் உள்ளே வர ஒரு வழி வேண்டும்.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 30000 முதல் 32767 வரையிலான எண்களில் ஒரு கதவைத் திறந்துவைப்பது. சோதனைக்கு ஆகும், பொதுமக்களிடம் போய் "எங்கள் கடை 31742-ஆம் கதவு" என்று சொல்ல முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு சர்வீசுக்கும் வாடகைக்கு ஒரு தனி வாசல் வாங்குவது. நாற்பது சர்வீஸ் இருந்தால் நாற்பது வாசல், நாற்பது வாடகை. கணக்குப் பிரிவு சும்மா விடாது.

மூன்றாவது வழிதான் இந்தக் கட்டுரையின் நாயகன். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வாசல். அங்கே ஒரு தபால் குமாஸ்தா. அவர் கையில் ஒரு விதிப்புத்தகம்.

புத்தகமும் குமாஸ்தாவும்

விதிப்புத்தகத்துக்கு 'இன்கிரஸ்' என்று பெயர். 2015 நவம்பரில் வந்த குபெர்நெட்டீஸ் 1.1 பதிப்பில் சோதனை நிலையில் சேர்க்கப்பட்டு, 2020 ஆகஸ்டில்தான் முழு அங்கீகாரம் பெற்றது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகம் வேறு, குமாஸ்தா வேறு. புத்தகத்தில் எத்தனை விதி எழுதினாலும், அதைப் படித்து வேலை செய்ய ஆள் இல்லையென்றால் ஒரு கடிதமும் நகராது. புதிதாக இந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் முதல் வாரத்தில் தவறாமல் தடுக்கி விழும் இடம் இதுதான்! விதியை எழுதிவிட்டு, ஏன் தளம் திறக்கவில்லை என்று சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அந்த ஆளுக்கு 'இன்கிரஸ் கன்ட்ரோலர்' என்று பெயர். அவரைத் தனியாக நியமிக்க வேண்டும்.

அப்படி நியமிக்கப்பட்டவர்களில் மிகப் பிரபலமானவர் 'இன்கிரஸ் எஞ்சின்எக்ஸ்'. எஞ்சின்எக்ஸ் என்பது ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் 2002-ல் எழுதத் தொடங்கி 2004-ல் வெளியிட்ட வெப் சர்வர். ஒரே கம்ப்யூட்டர் ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேரைச் சமாளிக்க முடியுமா என்பது அன்றைய பெரிய கேள்வி. முடியும் என்று காட்டியது அது. அதை உள்ளே வைத்து, குபெர்நெட்டீசின் விதிப்புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்து உருவாக்கியதுதான் இந்தக் குமாஸ்தா.

மேஜையில் என்ன நடக்கிறது?

ஒரு பஸ் கம்பெனியை வைத்துக்கொள்வோம். டிக்கெட்டுக்கு ஒரு புரோகிராம், பணம் கட்ட ஒன்று, பார்சலுக்கு ஒன்று.

பயணியின் கோரிக்கை முத்திரையிட்ட உறையில் வருகிறது. வழியில் யாரும் படிக்க முடியாது. குமாஸ்தாவிடம் அந்த முத்திரைக்கான சாவி இருக்கிறது. உறையைப் பிரிக்கிறார். முதலில் எந்தத் தளத்தின் பெயருக்கு வந்திருக்கிறது என்று பார்க்கிறார். பிறகு அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பாதையைப் பார்க்கிறார். 'டிக்கெட்' என்றால் டிக்கெட் பிரிவுக்கு, 'பார்சல்' என்றால் பார்சல் பிரிவுக்கு. அந்தப் பிரிவில் ஐந்து பெட்டிகள் இருந்தால் வழக்கமாக முறை வைத்து ஒவ்வொன்றுக்கும் அனுப்புவார். "வேலைக்குத் தயாராக இருக்கிறேன்" என்று சொல்லாத பெட்டிக்கு எதுவும் போகாது.

சில விசேஷ உத்தரவுகளும் உண்டு. டிக்கெட் புரோகிராமின் புதிய பதிப்பு வந்திருக்கிறது; சரியாக ஓடுமா என்று தெரியாது. நூறு பேரில் ஐந்து பேரை மட்டும் புதியதற்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். இதற்குக் 'கேனரி' என்று பெயர். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டறிய 1980-கள் வரை வைத்திருந்த சின்னஞ்சிறு பறவை அது. சுரங்கத்தில் காற்று கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கோலார் தங்கவயல் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்த எண்கள். 404 என்றால், விதிப்புத்தகத்தில் இப்படி ஒரு முகவரியே இல்லை என்று குமாஸ்தா சொல்கிறார் (உள்ளே இருக்கும் புரோகிராமும் சில சமயம் இதையே சொல்லும்). 503 என்றால், பிரிவு இருக்கிறது, நாற்காலியில் ஒருவர்கூட இல்லை. 502 என்றால், ஆளிடம் போனேன், உருப்படியான பதில் வரவில்லை. 504 என்றால், கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன், நேரம் கடந்துவிட்டது. இந்தக் குமாஸ்தாவின் பொறுமை சாதாரணமாக 60 விநாடி.

413 என்று ஒன்று உண்டு. விண்ணப்பத்தோடு ஸ்கேன் செய்த சான்றிதழை அனுப்பும்போது வந்து எரிச்சலூட்டும். உறை ரொம்பப் பெரியது என்று அர்த்தம். வேறு உத்தரவு இல்லாவிட்டால் இவர் 1 மெகாபைட்டுக்கு மேல் வாங்க மாட்டார். அளவை உயர்த்த ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத மறந்துவிட்டு, அத்தனை பேரையும் சான்றிதழைத் திரும்பத் திரும்பச் சுருக்க வைக்கும் தளங்களை என்ன சொல்வது!

ஓரக்குறிப்பால் வந்த வினை

விதிப்புத்தகம் மிக எளிமையானது. தளத்தின் பெயர், பாதை, சேர வேண்டிய பிரிவு, முக்கியமாக இவற்றைத்தான் அதில் எழுத முடியும். ஆனால் கம்பெனிகளின் தேவை அத்தோடு நின்றதா? இந்த முகவரிக்கு நேரம் அதிகம் கொடு, அந்த முகவரிக்குப் பாஸ்வேர்டு கேள், இங்கே வருகிறவரை அங்கே திருப்பு என்று கோரிக்கைகள் குவிந்தன. அவற்றை எல்லாம் புத்தகத்தின் ஓரத்தில் குறிப்பாக எழுதும் வழக்கம் வந்தது.

ஓரக்குறிப்புகள் பெருகின. எஞ்சின்எக்சின் சொந்த பாஷையிலேயே எதையாவது எழுதி ஓரத்தில் ஒட்டிவிட்டால் அப்படியே நிறைவேற்றும் வசதியும் வந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் இதைப் பாராட்டினார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் ஓரத்தில் "பீரோ சாவிகளை இவரிடம் கொடுக்கவும்" என்று எழுதினால் என்ன ஆகும் என்பது பிறகுதான் உறைத்தது. ஏனென்றால் வழக்கமான ஏற்பாட்டில், கூட்டத்தில் இருக்கும் எல்லா ரகசியங்களையும் படிக்கும் அதிகாரம் இந்தக் குமாஸ்தாவுக்கு உண்டு.

2025 மார்ச் 24-ஆம் தேதி அந்தப் பயம் நிஜமாயிற்று. விஸ் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஓட்டைகள் வெளியிடப்பட்டன. அவற்றில் மோசமானதற்கு சி.வி.இ.-2025-1974 என்று எண். அபாய அளவு பத்துக்கு 9.8.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டை இருந்தது பரிசோதனை மேஜையில். புதிய விதி வந்தால் அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் ஒரு பகுதி உண்டு. ஓட்டிப் பார்க்கும்போதே விஷமம் வேலை செய்துவிடும்படி ஒரு விதியை எழுத முடிந்தது. அந்த மேஜையை நெருங்க முடிந்தவருக்கு அடையாளச் சீட்டுகூடத் தேவையில்லை. உள்ளே மட்டும் இருக்க வேண்டிய அந்த மேஜையை 6,500-க்கும் மேற்பட்ட இடங்களில் தெருவில் போட்டு வைத்திருந்தார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். உடனே 1.12.1, 1.11.5 என்ற திருத்தப் பதிப்புகள் வந்தன.

எத்தனை பேர் பார்த்தார்கள்?

திருத்தத்தை எழுதியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வந்த பதில்தான் பலரைத் திகைக்க வைத்தது.

2025 நவம்பர் 11-ஆம் தேதி குபெர்நெட்டீஸ் அமைப்பே வெளியிட்ட அறிவிப்பில் அது பச்சையாக எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஒன்றிரண்டு பேர்தான் இந்த வேலையைச் செய்துவந்தார்கள். அதுவும் சொந்த நேரத்தில், ஆபீஸ் முடிந்த பிறகும் வார விடுமுறையிலும்.

உலகின் பெரிய பெரிய கம்பெனிகளின் வாசலில் உட்கார்ந்து, கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்குச் சம்பளமே இல்லை! இந்தப் புரோகிராம் முதலில் எழுதப்பட்டதே, விதிப்புத்தகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டும் ஒரு மாதிரியாகத்தான். மாதிரியே அசலாகிவிட்டது. எடுத்துப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். உதவிக்கு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. பதிலாக 'இன்கேட்' என்ற புதிய குமாஸ்தாவைத் தயார் செய்யவும் முயன்றார்கள். அதற்கும் கை கொடுப்பார் இல்லை, அதுவும் கைவிடப்பட்டது.

இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் லாபக் கணக்கில் கடைசிப் பைசா வரை எண்ணுகிற கம்பெனிகள், தங்கள் வாசலுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். அந்தச் செலவு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் தெரிந்திருக்காது.

முடிவு இதுதான்: 2026 மார்ச் வரை முடிந்த அளவு பராமரிப்பு, அதன் பிறகு புதிய பதிப்பு இல்லை, பிழைத்திருத்தம் இல்லை, பாதுகாப்புத் திருத்தமும் இல்லை.

புதிய ஏற்பாடு

இதில் இரண்டு குழப்பங்கள் கிளம்பின. ஓய்வு பெறுவது குமாஸ்தா மட்டுமே, விதிப்புத்தகம் ரத்தாகவில்லை. அதில் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படாது, அவ்வளவுதான். இரண்டாவது, எஃப்5 என்ற கம்பெனி ஏறத்தாழ இதே பெயரில் இன்னொரு குமாஸ்தாவை நடத்துகிறது. 2019-ல் எஞ்சின்எக்ஸ் கம்பெனியையே விலைக்கு வாங்கியவர்கள் அவர்கள். அந்த ஆள் வேறு, இந்த ஆள் வேறு. பெயரைப் பார்த்து ஏமாந்து, "நம்முடையதுக்கு ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகத் தூங்கினால் ஆபத்து.

எல்லோரையும் போகச் சொன்ன இடம் 'கேட்வே ஏ.பி.ஐ.' என்ற புதிய விதிமுறை. 2023 அக்டோபரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. பழைய புத்தகத்தில் எல்லாவற்றையும் எல்லோரும் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். புதியதில் மூன்று பதிவேடுகள். எந்த வகை வாசல் என்பதைக் கட்டடத்துக்குப் பொறுப்பானவர் எழுதுவார். எந்தக் கதவை எந்த முத்திரையோடு திறப்பது என்பதை மேற்பார்வையாளர் எழுதுவார். தன் பிரிவுக்கு எந்தக் கடிதம் வர வேண்டும் என்பதை மட்டும் அந்தந்தப் பிரிவுக்காரர் எழுதுவார். ஓரத்தில் எழுதப்பட்ட பல விஷயங்களுக்கு, உதாரணமாக நூற்றுக்கு ஐந்து பேரைப் பிரித்து அனுப்புவதற்கு, இதில் முறையான கட்டமே இருக்கிறது.

சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதுமை அல்ல. அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கலையை கம்ப்யூட்டர்காரர்கள் கொஞ்சம் தாமதமாகக் கற்றிருக்கிறார்கள்.

பழைய விதிகளைப் புதிய பதிவேட்டுக்கு மாற்றி எழுதவும் ஒரு சாதனம் இருக்கிறது. ஆனால் ஓரக்குறிப்புகள் எல்லாவற்றையும் அது அப்படியே மாற்றிவிடும் என்று நம்பக் கூடாது. என்றோ ஒருவர் எழுதிவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். அது எதற்காக எழுதப்பட்டது என்று ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். ஒரு திருப்பு விதி விட்டுப்போனால் ஒரு வாடிக்கையாளர் 404-ல் போய் நிற்பார். 60 விநாடியை 300 ஆக்கியிருந்த குறிப்பு விட்டுப்போனால் மாதக் கடைசியில் பெரிய ரிப்போர்ட் எடுக்கும் குமாஸ்தாவுக்கு 504 வரும். பழைய ஆளையும் புதிய ஆளையும் சில நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தபாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியவர் மேஜைக்குத் தள்ளுவதுதான் அனுபவசாலிகள் செய்யும் வழி.

ஓய்வுத் தேதி தாண்டினாலும் பழைய குமாஸ்தா எழுந்து போகமாட்டார். ஏற்கெனவே நியமித்த இடங்களில் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேகத்தில் தபாலைப் பிரித்துக்கொண்டே இருப்பார். எந்த மணியும் அடிக்காது. எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. அடுத்த ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது அதை அடைக்க ஆள் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். அதனால்தான் வேலை தெரிந்தவர்கள் முதலில் செய்வது, தங்கள் கூட்டத்தில் ஓடும் பெட்டிகளைப் பட்டியல் எடுத்து, அந்தப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது. நிர்வாகிக்கான அதிகாரம் உள்ளவருக்கு அது ஒரே கட்டளை. ஒரு நிமிட வேலை.